பாட்டில் பிரஷ் செடியின் அடியில்

கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, பூவுக்குச் சற்றுக் கீழே கத்தரியை வைத்தபோது அவள் கால் எதிலோ இடறியது. குனிந்து பார்த்தாள். உடைந்த பூந்தொட்டியின் பாதி. கவிழ்த்து வைத்திருந்தது.

பாட்டில் பிரஷ் செடியின் உட்புறம் அது. கிளைகள் எல்லாப் பக்கமும் தரையைத் தொடுகிறாற்போல் தொங்கி, நடுவில் ஓர் ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தன. உள்ளே நுழைந்துவிட்டால் வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. உதிர்ந்த பூக்களின் சிவப்பு நூல்கள் காலடியில் மெத்தைபோலக் கிடந்தன. முன்னறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் இங்கே வரை கேட்டது.

மாமியார்தான் அவளை அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மாமனாரின் உடலைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியதிலிருந்து மாமியார் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ள விட்டாள். விட்டால் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முன்பு மட்டும் மருமகளைக் கூப்பிட்டு, செடியில் நான்கு கிளை பூவோடு வெட்டி வரச் சொன்னாள். அவர் பக்கத்தில் வைக்கலாம் என்றாள்.

யார் காலிலாவது குத்தப்போகிறது என்று நினைத்து அந்தத் தொட்டி ஓட்டை எடுத்தாள். அடியில் மாத்திரைகள் இருந்தன.

ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். மண்ணில் ஒரு சின்னக் குழி பறித்து அதில் கொட்டி வைத்தாற்போல இருந்தது. அவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. வெளிர்சிவப்பு, இதயத்துக்கு. மஞ்சள், நீர் பிரிவதற்கு. நடுவில் கோடு போட்ட வெள்ளை, ரத்த அழுத்தத்துக்கு. பாதிதான் கொடுக்க வேண்டும். அந்தப் பாதியை அவள்தான் நகத்தால் உடைப்பாள், எவ்வளவு கவனமாக உடைத்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாகிவிடும். குழிக்குள் அந்தக் கோணல் பாதிகளும் கிடந்தன. தன் கையெழுத்தை வேறொருவர் வீட்டில் பார்த்ததுபோல் அவளுக்கு இருந்தது.

ஓட்டைத் திரும்பக் கவிழ்த்தாள். நான்கு கிளைகளை வெட்டினாள். கத்தரி கை தவறி ஒரு கிளையை அடிமரம் வரைக்கும் நறுக்கிவிட்டது. மாமனார் இருந்திருந்தால் பதறியிருப்பார். பூ முடிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் வெட்ட வேண்டும், அடிக்கட்டையில் வெட்டினால் அங்கிருந்து துளிரே வராது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

கிளைகளைக் கொண்டுபோய் மாமியாரிடம் கொடுத்தாள். மாமியார் வாங்கிக்கொண்டு அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளுடைய கால்களைப் பார்த்தாள். பாதத்தில் சிவப்பு நூல்கள் ஒட்டியிருந்தன.

"உள்ள போய்தான் வெட்டினியா?"

"ஆமா அத்தை."

மாமியார் கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காய்ந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

*

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உயரமான கட்டடங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், கயிற்றையும் கிரீஸையும் நம்பி இருட்டுக் குழிகளில் தொங்கி வேலை செய்தவர். ஒருமுறை பத்தாவது மாடிக்கு நேரே வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. கீழே எல்லோரும் பதறிக் கத்த, லிஃப்ட் பெட்டியின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த சாப்பாட்டை முடித்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் அனுப்ப முடியுமா என்று கேட்டாராம். அன்றிலிருந்து கூட வேலை செய்தவர்களுக்கு அவர் 'பத்தாம் மாடி'.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நாற்றுப் பண்ணையிலிருந்து முழங்கால் உயரத்தில் இந்தச் செடியை வாங்கி வந்தார். முதலில் சாக்கடைப் பக்கம் வைத்தார். இலைகள் மஞ்சளித்தன. பிடுங்கி வெயில் விழும் மூலைக்கு மாற்றினார். மாமியார் அன்போடு போட்ட எருவையும் டீத்தூளையும் தடுத்தார். இது அதிகம் ஊட்டினால் கெட்டுப்போகிற சாதி என்றார். வெட்டுவது அவர் வேலை, தண்ணீர் ஊற்றுவது மாமியார் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். செடி கூரை உயரத்துக்கு எழும்பி, அங்கிருந்து எல்லாக் கிளைகளையும் கீழே தொங்கவிட்டது. பூக்கும் காலத்தில் பாட்டில் கழுவும் பிரஷ்களைச் சிவப்பில் முக்கி ஆயிரம் தொங்கவிட்டதுபோல் இருக்கும்.

இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, மாத்திரை கொடுக்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. கணவனுக்கு நேரம் கிடையாது, மாமியாருக்கு அட்டையில் இருக்கும் பெயர்களெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு வேளை, மாலையில் வந்ததும் ஒரு வேளை. சின்னக் கிண்ணத்தில் போட்டு ஒரு தம்ளர் தண்ணீரோடு நீட்டுவாள். மாமனார் "வந்துடுச்சா என் டிபன்" என்று சிரித்தபடி எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வார். தம்ளரை வாங்கிக்கொண்டு, செடியைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறேன் என்று தோட்டத்துக்குப் போய்விடுவார். கிளைகளை விலக்கி உள்ளே நுழைவது ஜன்னல் வழியே தெரியும். நல்ல காற்று வாங்கட்டும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் வேலை செய்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவைத்து, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்பது அவள் வேலை. தெரியாத எழுத்தையும் தெரிந்ததுபோல் படிப்பவர்களை அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். முந்தின ஆள் படித்ததைக் காதில் வாங்கி ஒப்பிப்பவர்களும் உண்டு. கடையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது என்று முதலாளியே சொல்வார்.

*

நாத்தனார் காலை முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள். கணவனுக்கு மூத்தவள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில், நஷ்டம் என்று கேட்டு வருகிற மனுக்களில் எது நிஜம், எது புளுகு என்று பார்க்கும் வேலை. எரிந்துபோன கடையில் சாம்பலைக் கிளறி, எரியாத பூட்டைக் கண்டுபிடித்தவள் என்று கணவன் பெருமையாகச் சொல்வான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாடு அழுது முடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தம்பியிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது, அதை இதயத்தால் தாங்க முடியவில்லை என்று அவன் சொன்னான். மாத்திரையெல்லாம் தவறாமல் எடுத்துக்கொண்டாரா என்று டாக்டர் கேட்டதையும் சேர்த்துச் சொன்னான். ஒரு வேளைகூடத் தவறவில்லை, என் மனைவிதான் கொடுக்கிறாள் என்று டாக்டரிடம் தான் சொன்ன பதிலையும் சொன்னான். ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்தப் பதிலைக் கேட்டபோது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

நாத்தனார் சமையலறைக்கு வந்தாள். வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் மாத்திரை டப்பாவைக் கேட்டாள். அட்டைகளை வெளியே எடுத்து, வாங்கிய தேதியைக் கேட்டு, மீதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு."

"தவறாம கொடுத்தேன் அண்ணி."

"சரியா இருக்குன்னுதானே சொன்னேன்." நாத்தனார் டப்பாவை மூடினாள். "என் வேலையில, எல்லாம் இவ்வளவு சரியா இருந்தாத்தான் இன்னொரு தடவை பாக்கத் தோணும்."

அது அவள் கிளை வெட்டத் தோட்டத்துக்குப் போகும் முன்பு நடந்தது. அப்போது கோபம் வந்தது; இப்போது பயம் வந்தது. டீத்தட்டோடு முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தபடி அவள் யோசித்தாள். வாயில் போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். விழுங்கியதைப் பார்க்கவில்லை. அவர் துப்பியிருக்கிறார், சரி. ஆனால் துப்புகிறவர் குழி பறித்துச் சேர்த்து வைப்பாரா? குனிந்தால் மூச்சு வாங்குகிற ஆள். அந்தச் செடியின் அடியில் தினமும் குனிந்து தண்ணீர் ஊற்றியது, சருகு கூட்டியது, மாமியார்.

மாமியாரைப் பார்த்தாள். கட்டிலருகே நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழாமல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் காலையில் இருந்த மாமியாரும் இப்போது இருக்கிற மாமியாரும் அவள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியவில்லை. நீர் மாத்திரை ஆரம்பித்த புதிதில் மாமனார் படுக்கையை நனைத்தது நினைவுக்கு வந்தது. விரிப்புகளைத் தினமும் துவைத்துக் காயப்போட்டது மாமியார். கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். நின்றது யாருக்கு நிம்மதி என்று இப்போது கேட்டுக்கொண்டாள். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

*

மாமனாரின் பழைய கூட்டாளிகள் சிலர் வந்தார்கள். மலர் வளையத்தை வைத்துவிட்டு, லிஃப்டில் நிற்பவர்கள்போலத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அதில் வழுக்கைத் தலையோடு இருந்தவர், பத்தாம் மாடி இப்படிச் சொல்லாமல் இறங்குவார் என்று நினைக்கவில்லை என்றார். போன மாதம் அவர் வந்திருந்தபோது மாமனார் முக்காலியில் ஏறி நின்று செடியை வெட்டிக்கொண்டிருந்தாராம்.

"என்னப்பா இது, தலைசுத்துதுன்னு சொன்னியேன்னு கேட்டேன். அதெல்லாம் போயே போச்சுடான்னு சிரிச்சார். கையில ஒரு நடுக்கம் இல்ல. பழைய ஆளா நின்னார்."

நாத்தனார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டாளிகள் வாசலுக்குப் போனதும் நாத்தனார் தம்பியையும் அவளையும் உள்ளறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து விட்டாள். தலைசுற்றல் மாத்திரையால்தான் வருகிறது, மாத்திரை இருக்கும்வரை அதுவும் இருக்கும் என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி தன்னிடம் போனில் சொல்லியிருக்கிறான் என்றாள். அப்படியானால் அது எப்படி நின்றது என்று கேட்டாள். கேள்வி தம்பியிடம்; பார்வை அவளிடம்.

"நான் குத்தம் சொல்லல. கடை, வீடுன்னு உனக்கும் ஆயிரம் வேலை. ஒரு வேளை ரெண்டு வேளை விட்டுப்போச்சுன்னா சொல்லிடு. தெரிஞ்சா மனசு ஆறிடும்."

"விடல அண்ணி."

"அப்ப அது எப்படிம்மா நின்னுச்சு?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வாக்கியம் போதும். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். ஒரு தடவை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணாடிக் கடையில், எழுத்து நிஜமாகவே தெரிகிறதா என்று அவள் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "என்கூட வாங்க அண்ணி" என்றாள். கணவனை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், வண்டி எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று கேட்டு. அவன் அங்கே போனான். அவள் நாத்தனாரைப் பின்கட்டு வழியாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

கிளைகளை விலக்கி உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை. நாத்தனாரின் தலைமுடியில் சிவப்பு நூல்கள் உதிர்ந்தன. அவள் ஓட்டை எடுத்துக் காட்டினாள்.

நாத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் தொடாமல் பார்த்தாள். மாமா தம்ளரோடு இங்கே வருவதை, தான் ஜன்னலில் பார்த்ததை, இன்று கிளை வெட்ட வந்தபோது இதைக் கண்டதை, ஒன்று விடாமல் அவள் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் போயிற்று. மெய்யைச் சொல்கிறவள் இவ்வளவு வேகமாகப் பேச மாட்டாள் என்று தோன்றியது.

நாத்தனார் நிமிராமலே கேட்டாள். "காலையிலேயே பாத்தியா?"

"ஆமா."

"நான் டப்பாவைப் பாத்ததுக்கு அப்புறம்."

"ஆமா அண்ணி."

"அப்ப ஏன் வந்து சொல்லல?"

அத்தையின் மேல் விழுமே என்று பயந்தேன் என்று சொல்லலாம். அது அத்தையை இழுத்துவிடுவதாகும்.

"அப்பா இங்க துப்பிப் போட்டாருங்கற, சரி. அவர்தான் போட்டாருன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" நாத்தனாரின் குரல் கடுமையாக இல்லை. அலுவலகத்தில் கேட்கிற மாதிரி நிதானமாக இருந்தது. "கணக்கு சரியா இருக்கணும்னு அட்டையிலேருந்து எடுத்து வேற யாராவது கூட இங்க கொண்டுவந்து போட்டிருக்கலாம்."

தன்னைக் காப்பாற்றும் என்று அவள் கொண்டுவந்து காட்டியது, ஒரே வார்த்தையில் தன் பக்கமே திரும்பிவிட்டதை அவள் பார்த்தாள். பேச வாய் எடுத்தபோது வெளியே சருகு நொறுங்கியது. கிளைகள் விலகின. மாமியார் நின்றாள்.

"நான்தான் அங்க சேத்து வெச்சேன்" என்றாள்.

நாத்தனார் எழுந்தாள். கிளைகளுக்கு வெளியே வந்து அம்மாவின் எதிரே நின்றாள். "சும்மா இரும்மா. அவளைக் காப்பாத்தணும்னு நீ எதையாவது சொல்லாதே."

"அவளை நான் எதுக்குக் காப்பாத்தணும்? அவ என்ன எனக்கு உன்னைவிட ஒசத்தியா?" மாமியார் இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். "துப்பினது அவர். அங்கங்க கிடந்தது. அணில் வருது இங்க. அது தின்னுடக் கூடாதேன்னு பொறுக்கி மூடி வெச்சேன்."

நாத்தனார் திரும்பவும் கிளைகளுக்குள் கையை விட்டு, குழியிலிருந்து ஒரு வெளிர்சிவப்பு மாத்திரையை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேல்பூச்சு ஒரு பக்கம் கரைந்து, வெள்ளை தெரிந்தது. நாக்கில் கிடந்து ஊறியதன் தடம். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. அவள் தோள்கள் மெல்லத் தொய்ந்தன. தான் வந்த வேலை முடிந்துவிட்டதுபோல் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் சொன்னது அதிகமில்லை. நீர் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு நாள் பஸ்ஸில் போனவர், பாதி வழியில் இறங்கி, நனைந்த வேட்டியோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்றே பின்வாசலில் மாமியாரிடம் சொன்னார், இனி வேண்டாம் என்று. மாமியார் கெஞ்சிப் பார்த்தாள். அவர் முக்காலியைக் காட்டினார். பத்து மாடிக் குழியில் தொங்கியவன் இதில் ஏற முடியவில்லை, கீழே இருந்தபடி கிளை மண்ணில் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். சொல்லும்போது அழுதார். கல்யாணமானதிலிருந்து அவர் அழுது மாமியார் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள் அவள். அடக்கிவைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் ஏறிக்கொண்டது. "தினம் நகத்தால உடைச்சு உடைச்சுக் குடுத்தேனே."

"அதுக்குத்தான் வாயில போட்டுக்கிட்டார். வேணாம்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல அவருக்கு மனசு வரல. பாவம், கடையில நின்னுட்டு வந்து அது எடுத்துக் குடுக்குதுன்னுவார்." மாமியார் அவளை நேராகப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். கணவனிடம் சொல்லியிருப்பாள். அவன் டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பான். எதிரே உட்கார்ந்து விழுங்க வைத்திருப்பார்கள். ஒருவேளை இன்றைக்கு அவர் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நாத்தனாரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "நீ எப்படிம்மா பாத்துக்கிட்டு இருந்தே?" என்றாள். இப்போது அது அலுவலகக் குரல் இல்லை.

மாமியார் கைக்கு எட்டிய கிளையைப் பிடித்து, பூ முடிந்து காய்ந்திருந்த ஒரு பிரஷைக் கிள்ளினாள். கிளையோடு ஒட்டிய சின்னச் சின்ன விதைக்காய்களை விரலால் நெருடினாள்.

"ராத்திரி எழுந்திரிக்காம தூங்கினார்" என்றாள். "காலையில என்னைக் கூப்பிட்டு முக்காலியைப் பிடிச்சுக்கச் சொல்வார். வெட்டி வெட்டி என் தலையிலயே போடுவார், வேணும்னே. கொஞ்ச நாள் நானும் என் வீட்டுக்காரரோட இருந்தேன்."

பிறகு, மகனுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். அவன்தான் அலைந்து அலைந்து டாக்டரைப் பார்த்தவன், அவனால் தாங்க முடியாது என்றாள். உண்மையில் எதை அவனால் தாங்க முடியாது, அப்பா செய்ததையா அம்மா செய்ததையா என்று மருமகள் யோசித்தாள். படுக்கை விரிப்புகளின் நினைப்பு மறுபடி ஒருமுறை வந்தது. மாமியாரின் கைகளைப் பார்த்தாள். துவைத்துத் துவைத்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்த அந்த நாட்களும், மாமியார் சொன்ன இந்த நாட்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. எது எதைத் தள்ளியது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. மாமியாராலும் முடியாது என்று தோன்றியது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கணவன் பின்கட்டுக்கு வந்து, மூன்று பேரும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். அவன் பார்வை அக்காவிடமிருந்து மனைவிக்கு வந்து அங்கேயே நின்றது.

அக்கா உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்லடா. இன்னும் கொஞ்சம் பூ எடுக்கலாம்னு வந்தோம்."

பொய் மனுக்களைப் பிடித்துப் பிடித்துப் பழகியவள், தன் பொய்யை மட்டும் சரியாகச் சொல்லவில்லை. யார் கையிலும் பூ இல்லை. அவன் அதைக் கவனித்தான். எதுவும் கேட்காமல் திரும்பி நடந்தான். மாமியாரைக் காக்க நாத்தனார் சொன்ன அந்த வார்த்தை தன்னை அவன் கண்ணில் எங்கே நிறுத்திவிட்டுப் போனது என்று அவளுக்கு அந்த முதுகைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாத்தனாருக்கும் புரிந்திருக்க வேண்டும். போகிறபோக்கில் அவள் முழங்கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

*

மாமனாரை அனுப்பிவிட்டு வந்தார்கள். மறுநாள் மதியம் நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். வேலை இருந்தது. கிளம்பும் முன் தனியாகத் தோட்டத்துக்குப் போய் வந்தாள். குழியை மண் போட்டு மூடிவிட்டதாக அவளிடம் மெதுவாகச் சொன்னாள். தம்பியிடம் நான் பேசறேன், இப்ப வேணாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று இருவருமே பேசவில்லை.

கணவன் வீட்டிலேயே இருந்தான். வாடகைக்கு வந்த நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றினான். அப்பாவின் செருப்பை எடுத்துத் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே வைத்தான். அவளிடம் பேச வேண்டியதைப் பேசினான். பால் இருக்கிறதா, தண்ணீர் வந்ததா. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டால், பொய்யாவது ஒன்று சொல்லலாம். கேட்காத கேள்வி வீட்டில் நாற்காலிபோல நடுவில் கிடந்தது; சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

மாலையில் விளக்கைப் போட்டாள். மாமியாருக்கும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, சின்னதாக, இரவு சாப்பாட்டுக்கு முன். இரண்டு நாள் அமளியில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. அவள் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து, தண்ணீரோடு மாமியாரின் அறைக்குப் போனாள். மாமியார் கட்டிலில், எப்போதும் உட்காரும் பக்கத்திலேயே, மறுபாதியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீரைக் குடித்தாள். அவள் தம்ளரை வாங்கிக்கொண்டாள். போய்விடலாம், ஆனால் போகாமல் நின்றாள். நிற்கிறோம் என்று தெரிந்தே நின்றாள்.

"அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா?"

கணவன் கூடத்திலிருந்து கேட்டான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் குடுத்துட்டேன் என்றாள். காலடிச் சத்தம் நெருங்கியது. அவன் அறை வாசலில் வந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த காலித் தம்ளரைப் பார்த்தான்.

மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை அகலத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள், ஒரு பக்கம் தள்ளினாள், மறுபக்கம் தள்ளினாள். முதலில் மருமகளுக்குக் காட்டினாள். அப்புறம் முகத்தைத் திருப்பி, வெளிச்சம் விழுகிற மாதிரி மோவாயை உயர்த்தி, மகனுக்கு. அவன் போதும் என்று சொல்லும்வரை வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.